ஜீப்புக்காரர் அழகுமலையும் கடலடிக் கதவும்

ராசிங்காபுரத்து அழகுமலை அண்ணன் படித்தது அஞ்சாம் வகுப்பு. லாரியில் கிளீனராகச் சேர்ந்து, ஸ்டியரிங் பிடிக்கக் கற்று, போடியிலிருந்து ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்புக்கு டிரைவரானார். மெட்டு என்று நாங்கள் சொல்லும் மலைக்கணவாய்க்கு ஏறும் கொண்டை ஊசி வளைவுகளில் பனி இறங்கி முன்னால் போகும் வண்டியே தெரியாத காலையிலும் அவர் கை பதறி நான் பார்த்ததில்லை. நான் அதே தோட்டத்தில் கணக்குப்பிள்ளை. முன்சீட்டு ஓரத்தில் தொற்றிக்கொண்டு போவேன். அது எண்பத்தெட்டா, எண்பத்தொன்பதா? இத்தனை தூரத்திலிருந்து எழுதும்போது வருஷத்தைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. மற்றதில் சந்தேகமில்லை.

அந்த வருஷம் ரேடியோ ரிப்பேர் கடை ராஜாராமின் மச்சான் சிங்கப்பூரிலிருந்து ஒரு வீடியோ கேம் பெட்டி கொண்டுவந்தார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஊர் இளவட்டமெல்லாம் அந்தக் கடையில். நாற்பது வயதில் அவர்களோடு முண்டியடித்து உட்கார்ந்தவர் அண்ணன் ஒருவர்தான். பெட்டியில் இருந்த மூன்று ஆட்டங்களையும் கடைசிவரை ஆடி முடித்தவரும் அவர்தான்.

முடித்ததை ஜீப்பில் கதையாகச் சொன்னார். முதலில் கோட்டைக் கதை. பின்சீட்டில் நெருக்கி உட்கார்ந்த பெண்கள் குளிரை மறந்து கேட்டார்கள். சனிக்கிழமை அதை ஒரேயடியாக முடித்துவிட்டார். ராட்சசன் சாம்பலானான், கோட்டை இடிந்தது, இளவரசிக்குக் கல்யாணம். திங்கட்கிழமை பார்த்தால் பாதிச் சீட்டு காலி. பிச்சைமணி என்பவன் டேப்பு மாட்டிய புது ஜீப்போடு அதே இடத்தில் வந்து நின்றிருந்தான். வண்டி முதலாளி காசிராஜன் காலியான சீட்டை எட்டிப்பார்த்தார். இந்த வாரத்துக்குள் லோடு நிறையவில்லை என்றால் சாவியைக் கொடுத்துவிடச் சொன்னார்.

அன்றைக்கு ஏறும்போதே காய் எடுக்கும் பெண்களுக்கு மூத்தவளான சிலமலைக்காரி வேலுத்தாய் கேட்டுவிட்டாள். "ஏப்பா, எல்லாத்தையும்தான் முடிச்சுப்புட்டியே. இனி உன் வண்டில எதுக்கு ஏறணும்? அவன் வண்டில பாட்டாச்சும் கேக்கலாம்ல."

அண்ணன் கோபப்படவில்லை. மீதி இரண்டு ஆட்டத்தின் முடிவையும் அவர்கள் முன்னாலேயே வைத்தார். விமான ஆட்டத்தில் எதிரியின் ஊரை அழித்ததும் முதலிலிருந்து அதே சண்டை, இன்னும் வேகமாக வரும். முத்துக்குளிக்கும் ஆட்டத்தில் ஒரு பெண் முத்தை எடுத்து மேலே வந்து தாயின் நோயைத் தீர்க்கிறாள். அவள் ஏறி வரும்போது கடலடியில் ஒரு கதவு திறந்து கிடப்பது கண் இமைக்கிற நேரம் தெரியும். எந்த முடிவை வைத்தால் கதை மேலே ஓடும் என்று கேட்டார்.

ஜீப்பு சந்தைக்கடை ஆனது. கோட்டைக் கதையே போதும், ராட்சசனுக்கு ஒரு தம்பி இருப்பான் என்றாள் சுருளியம்மாள். சாம்பலான குடும்பத்தில் தம்பி எங்கிருந்து வந்தான் என்று ஜக்கம்மாள் மடக்கினாள். விமானக் கதையை ஒருத்தியும் சீந்தவில்லை. அதே வேலையை வேகமாகச் செய்யத்தான் தினமும் மேலே போகிறோமே என்றார்கள். முத்தையும் எடுக்கவிடாமல் அந்தரத்தில் நிறுத்தினால்தான் அடுத்த நாள் ஆள் வரும் என்பது சுருளியம்மாளின் இன்னொரு யோசனை.

வேலுத்தாய் கடைசியாகச் சொன்னாள். "காய் எடுக்கிற மாதிரித்தான்த்தா. முத்தினதச் செடியில விட்டா எலி தின்னுரும். பிஞ்சையும் சேத்து உருவிட்டா அடுத்த சுத்துக்கு என்ன இருக்கும்? முத்த அவ கையில குடுத்துருப்பா. கதவ விட்டுவை."

இங்கே டொராண்டோவில் என் மகனும் சிநேகிதர்களும் எந்த கேமின் முடிவு அடுத்த பாகத்துக்கு இடம் வைக்கிறது என்று மணிக்கணக்கில் சண்டை போடுகிறார்கள். அவர்களில் யாரும் அந்த ஜீப்பை மிஞ்சவில்லை.

மறுநாளே அண்ணன் முத்துக் கதையைத் தொடங்கினார். ஒவ்வொரு நாளும் ஏதோ ஒன்றைத் தீர்த்து வைத்தார், ஏதோ ஒன்றை மிச்சம் வைத்தார். ஆனாலும் சீட்டு நிறையவில்லை. பிச்சைமணி வண்டியில் பாட்டுக் கேட்டு வந்தவர்கள், காய் எடுக்கும்போது பக்கத்துச் செடிக்காரியிடம் கதையை முழுசாகக் கறந்துவிட்டார்கள். இதைக் கண்டுபிடித்ததும் வேலுத்தாயே. முத்துவரைக்கும் சொல்லலாம், கதவு ஒன்று திறந்து கிடக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், அதற்கு மேல் மூச்சு விடக்கூடாது என்று உத்தரவு போட்டாள். சுருளியம்மாள் வெற்றிலையை வாயில் அடக்கிக்கொண்டு அந்த நாளைக் கடத்தினாள்.

கதவுக்குப் பின்னால் ஆட்டத்தில் ஒன்றுமே கிடையாது. அந்தப் பெட்டியும் மச்சானோடு திரும்பிப் போய்விட்டது. இன்னொரு முத்து இருந்ததாக வைத்துக்கொள்ளலாமே என்றேன். அண்ணன் சிரித்தார். எடுத்ததையே திரும்ப எடுக்க அவள் ஏன் மூச்சடக்க வேண்டும் என்று கேட்டார்.

சனிக்கிழமை ஜீப்பில் கால் வைக்க இடமில்லை. காசிராஜன் வந்து பார்த்தார், சாவியைப் பற்றிப் பேசாமல் போனார். மெட்டு டீக்கடையில் பிச்சைமணி கிளாசோடு அண்ணன் பக்கம் நகர்ந்து வந்தான்.

"அண்ணே, அந்தப் புள்ள கதவுக்குள்ள போனாளா, இல்லையா?"

"திங்கக்கிழமை நம்ம வண்டில ஏறு மாப்ளே, சொல்றேன்."