ஷட்டில் தெருச் சுவரில் நீண்ட விரல்

இட்டுக்கட்டிய கதை என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். 1916 நவம்பர் பத்தாம் தேதி, வெள்ளிக்கிழமை. என் சமையலறை ஜன்னலில் நின்று என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். நான் பார்க்காத மிச்சத்தை ஜேபஸே என் வீட்டுக்காரரிடம் உளறிக் கொட்டினான்.

ஜேபஸ் ஹோல்ராய்ட் எங்கள் மில் ஊரில் போஸ்டர் ஒட்டுகிறவன். போர் தொடங்கியதும், மீசைக்காரத் தளபதி விரலை நீட்டிப் பட்டாளத்துக்குக் கூப்பிடும் அந்தப் போஸ்டரை மூலைக்கு மூலை ஒட்டியவன் அவன்தான். "நம்ம தெருவுல நாப்பத்திரண்டு பேர நான் ஒட்டியே அனுப்பிட்டேன்" என்று சாராயக் கடையில் மார்தட்டுவான். வரிசையில் முதல் ஆளாகத் தன் ஒரே மகன் எல்லிஸை நிறுத்தினான். பையனுக்கு அப்போது பதினேழு. பத்தொன்பது என்று சொல்லச் சொன்னதே இந்த அப்பன்தான். த்தூ!

ஜூலையில் ஒரே வாரத்தில், போர்முனையில் செத்த பிள்ளைகளுக்குத் துக்கம் காக்க, எங்கள் தெருவில் பதினொரு வீடுகள் ஜன்னல் திரையை இழுத்து மூடின. எல்லிஸ் தப்பிவிட்டான். அவனாவது திரும்பி வரவேண்டுமே என்ற பயம் ஜேபஸைப் பிடித்தது. போஸ்டரைப் பார்க்கவே கூசியது. என் ஜன்னலுக்கு எதிரே, ஷட்டில் தெருச் சுவரில் இருந்ததன் மேலே கோகோ விளம்பரத்தை ஒட்டினான். பழசைச் சுரண்டாமல் அதன் மேலேயே ஒட்டுவதுதான் அந்தத் தொழிலில் வழக்கம்.

மூன்று மாதம் ஒன்றுமில்லை. நவம்பர் முதல் தேதி, கோகோவின் நடுவே ஈரம் ஊறியது.

விரல் வடிவத்தில்.

சோப்பு விளம்பரம் ஒட்டினான். மறுபடி விரல். கூடவே நாற்றம்... புளித்த மாவுப் பசை நாற்றம் இல்லை. கறிக்கடைக் கழிவு வெயிலில் கிடந்து அழுகிய நாற்றம். எங்கள் ஊர் நவம்பரில் வெயில் ஏது?

எதிர்வீட்டு மார்த்தா இரண்டு மகன்களைப் பறிகொடுத்தவள். வாசலில் நின்று கத்தினாள்.

"யோவ் ஜேபஸ்! உன் ஆளு மறுபடி எட்டிப் பாக்குறான். இன்னும் யாரு வேணுமாம்? என்கிட்ட பூனைதான் மிச்சம்!"

"வாய மூடு மார்த்தா. இன்னிக்கு சுரண்டிடறேன்."

"சுரண்டு, சுரண்டு. உன் வீட்டப் பாத்துத்தான் நீட்டுறான்."

அந்தப் பத்தாம் தேதி, மாலை நாலு மணி. இருட்டிக்கொண்டு வந்தது. ஏணி, விளக்கு, சுரண்டும் தகடு.

சரக்... சரக்...

சோப்பு உரிந்தது. கோகோ உரிந்தது. அடியில் காகிதம் வெதுவெதுப்பாக இருந்தது. ஈரத் தோல் போல.

மீசை உரிந்தது. கண் உரிந்தது.

விரல் மட்டும் வரவில்லை.

தகட்டைச் சாய்த்து அழுத்தினான்.

நாலு பத்து.

நறுக்...

எலும்பில் பட்ட சத்தம்.

கிழிந்த காகிதம் பறந்துதானே விழும்? இது சொத்தென்று விழுந்தது.

ஜேபஸ் ஏணியிலேயே வாந்தி எடுத்தான். நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். ஜன்னலை மட்டும் மூடவில்லை.

விளக்கைக் காட்டித் தேடினான். தரையில் ஒன்றுமே இல்லை.

ஐந்து வாரம் கழித்து, எல்லிஸோடு இருந்த சிப்பாய் ஒருவனிடமிருந்து கடிதம் வந்தது. ஜேபஸ் அதை என்னிடம் நீட்டினான்; நான்தான் வாசித்தேன்.

"நவம்பர் முதல் தேதி பதுங்குகுழிச் சுவர் சரிஞ்சு எல்லிஸ் உள்ள புதைஞ்சிட்டான். ஒரு கை மட்டும் சுவர்ல நீட்டிட்டு இருந்துச்சு. குண்டு மழையில தோண்ட முடியல. போறப்ப வர்றப்ப அதத் தொட்டுட்டுப் போவோம். பத்தாம் தேதி சாயங்காலம் பாத்தா சுட்டுவிரலக் காணோம். தகட்டால சீவின மாதிரி இருந்துச்சு. வெட்டின இடத்துல, ஐயா, மாவுப் பசை ஒட்டியிருந்துச்சு."