ஆறினால் ஓடும் வண்டி

செகண்ட் ஹேண்டில் வாங்கின எங்கள் காருக்கு முதல் முக்கால் மணி நேரம் தங்கமான குணம். அதற்குப் பிறகுதான் சனியன் பிடிக்கும். இன்ஜின் நன்றாகச் சூடானதும், இருமாமல் உதறாமல், பொசுக்கென்று அணைந்துவிடும். சாவியை எத்தனை தடவை திருகினாலும் கிர்ர் கிர்ர் என்று சுற்றுமே தவிர உயிர் வராது. பானட்டைத் திறந்துவைத்து அரைமணி நேரம் காத்திருந்தால், ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும். இரண்டு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். ஒருவர் பிளக்கை மாற்றினார், இன்னொருவர் பெட்ரோல் பம்பை மாற்றினார். அவர்கள் கண் முன்னால் அது ஒருநாளும் நின்றதில்லை. அவ்வளவு நடிப்பு.

அந்தத் திங்கட்கிழமை தம்பானூரில், சரியாக பஸ் ஸ்டாண்டு வாசலில் நின்றது. பக்கத்திலிருந்த ஹோட்டலில்தான் என் வீட்டுக்காரர் சமையல் வேலை பார்க்கிறார். பின்னால் பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவேயில்லை. ஆட்டோக்காரர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். வேலைக்குப் போக என் பக்கத்து சீட்டில் வந்துகொண்டிருந்த இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கித் தள்ளினார். ஹோட்டல் சப்ளையர்கள் எல்லோரும் வாசலுக்கு வந்து பார்த்துவிட்டார்கள். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

"ஏட்டி, போதும். வித்துரா ஊர்க்காரர் ஒருத்தர் இந்த வண்டியக் கேட்டுக்கிட்டே இருக்கார். ஞாயித்துக்கிழமை வரச் சொல்லுதேன். குடுத்துத் தொலைப்போம்."

"கோளாறு என்னன்னு தெரிஞ்சா?"

"தெரிஞ்சப்புறம் பாக்கலாம். அதுவரைக்கும் நான் பஸ்ல போய்க்கிடுதேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வண்டி என் பெயரில் இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இந்த மலையாள ஊருக்கு வந்து பதினெட்டு வருஷத்தில் என் பெயரில் இருக்கிற ஒரே சாமான் அது. நாற்பத்திரண்டு வயதில், இரண்டு தடவை தோற்று, மூன்றாம் தடவை லைசென்ஸ் வாங்கினவள் நான். அவர் ஸ்டியரிங்கைத் தொட்டதுகூட இல்லை. முதல்முதலாக அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து வேலைக்குக் கொண்டுவிட்ட அன்று, ஹோட்டல் வாசலில் இறங்காமல் இன்னொரு சுற்றுப் போகச் சொன்னார். அந்தச் சந்தோஷத்தை வித்துராக்காரருக்கு நான் ஏன் கொடுக்க வேண்டும்?

அங்கேயே நின்றுகொண்டு, விழிஞ்ஞம் போகும் வழியில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஒரு மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். பக்கத்து வீட்டில் கொடுத்த நம்பர். எனக்கு மலையாளம் நன்றாகவே வரும். ஆனால் கோபம் வந்தால் ஒரு சொல் வராது, தமிழ்தான் கொட்டும்.

"சேச்சி, எந்தாணு குழப்பம்?" என்று கோளாறைக் கேட்டார் நிதானமாக.

"ஓடிக்கிட்டு இருக்கும்போதே நின்னுருது தம்பி. ஆறினாத்தான் ஸ்டார்ட் ஆகும்."

"ஆறினோ?"

"ஆமா, ஆறினா."

"கரெக்ட் ஆறினு?"

"கரெக்டா ஆறினாத்தான். அதுக்கு முன்னால தலைகீழா நின்னாலும் நடக்காது!"

பிறகு, "இங்ஙனெ ஒரு கேஸ் ஞான் கேட்டிட்டேயில்ல. வண்டிய கொண்டு வரூ" என்றார். புதிய விஷயத்தைக் கேட்டு ஆச்சரியப்படுகிற மெக்கானிக் கிடைத்தாரே என்று எனக்கு உள்ளூரப் பெருமை.

செவ்வாய்க்கிழமை வண்டியை விட்டுவிட்டு வந்தேன். வியாழக்கிழமை அவரே கூப்பிட்டார். "சேச்சி பறஞ்ஞது சரியாணு. ஆறினு ஒற்றையடிக்கு ஸ்டார்ட்டாயி." ஒரே திருகில் கிளம்பியதாம். நான்தான் சொன்னேனே என்றேன். "ரெண்டு திவசம் கூடி தரூ, சாதனத்தைக் கண்டுபிடிக்காம்" என்றார். இன்னும் இரண்டு நாள் கொடுத்தால் கண்டுபிடித்துவிடுவாராம். அட, என்ன பொறுப்பான மனுஷன் என்று வீட்டுக்காரரிடம் பீற்றிக்கொண்டேன். அவர் செய்தித்தாளை விட்டுத் தலையைத் தூக்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் பொறுக்க முடியாமல் நேரில் போனேன். போய்ப் பார்த்தால், இன்ஜின் பக்கம் ஒரு திருகாணியைக்கூடத் தொடவில்லை. டாஷ்போர்டு முழுக்கக் கழற்றிக் கிடக்கிறது. வயர்கள் குடல் சரிந்த மாதிரி தொங்குகின்றன.

"என்ன தம்பி பண்ணி வச்சிருக்கீங்க?"

"டைமர் தேடுகயாணு சேச்சி. பழைய ஓனர் ஆரோ டைமர் லாக் வச்சிட்டுண்டு. அல்லாதெ ஒரு வண்டி எங்ஙனெ ஆறு மணிக்கு மாத்ரம் ஸ்டார்ட்டாகும்?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஆறு மணியா? யார் சொன்னது?"

"சேச்சியல்லே பறஞ்ஞது? ஆறினு!"

அப்போதுதான் உறைத்தது. மலையாளத்தில் ஆறினு என்றால் ஆறு மணிக்கு. மூன்று நாளாக இந்த மனுஷன் சாயங்காலம் ஆறு அடிக்கும்வரை காத்திருந்து சாவியைத் திருகியிருக்கிறார். நாளெல்லாம் சும்மா கிடந்த வண்டி சமர்த்தாகக் கிளம்பியிருக்கிறது. பிறகு விடிந்ததும் டைமரைத் தேட ஆரம்பித்திருக்கிறார்.

எனக்குக் கொடுத்திருந்த சாயாவில் ஆவி பறந்துகொண்டிருந்தது. டம்ளரை அவர் முகத்துக்கு நேரே நீட்டிக் கத்தினேன். "இது சூடா இருக்குல்ல? கொஞ்ச நேரம் கழிச்சு ஆறும்ல? அந்த ஆறு! சூடு ஆறினா!"

"தணுத்தாலோ?"

"தணுத்தால்!"

தலையில் படாரென்று அடித்துக்கொண்டார். "என்றெ சேச்சீ! அது க்ராங்க் சென்சரல்லே!" பிறகு, இன்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்கிற சென்சர் அது, சூட்டில் செத்து, குளிர்ந்தால் பிழைக்கும், அது சொல்லாவிட்டால் பெட்ரோலும் வராது பொறியும் வராது என்று ஒரே மூச்சில் சொன்னார். நாங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

சந்தேகத்தைத் தீர்க்க வண்டி நின்றாக வேண்டும். மீட்டரை மட்டும் மாட்டிக்கொண்டு, மற்ற வயர்கள் தொங்கத் தொங்க நான் ஓட்டினேன். அவர் பக்கத்தில். விழிஞ்ஞத்துக்கும் ஊருக்குமாக இரண்டு நடை போய் வந்தோம். இத்தனை நாள் நிற்காதே நிற்காதே என்று கும்பிட்டவள், அன்று நில்லு நில்லு என்று வேண்டினேன். துறைமுகம் போகும் ரோட்டில் நின்றது. "நின்னுட்டு!" என்று கை தட்டினேன். பின்னால் வந்த லாரிக்காரர் எங்களைப் பைத்தியங்கள் என்றே நினைத்திருப்பார்.

"சேச்சி, சாவி திரிக்கூ. முள் நோக்கூ." திருகினேன். இன்ஜின் சுற்றுகிறது, மீட்டரில் சுற்றைக் காட்டும் முள் அசையவேயில்லை. அவர் தோளில் கிடந்த தோர்த்துத் துண்டைத் தண்ணீரில் நனைத்து, இன்ஜினுக்கு அடியில் கைவிட்டு எங்கேயோ சுற்றிவைத்தார். ஐந்து நிமிஷம் போனது. மறுபடி திருகினேன். முள் துள்ளியது, வண்டி கிளம்பியது. அந்தத் தோர்த்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது.

கடை கடையாகப் போன் போட்டு சென்சரை வரவழைத்தார். பிடித்திருந்தது ஒரே ஒரு போல்ட்தான், ஆனால் துருவேறி ஒரு மணி நேரம் அழவைத்தது. புதியதை மாட்டி, டாஷ்போர்டையும் பூட்டி முடித்தபோது கடை அடைக்கும் நேரம். முக்கால் மணி நேரம் ஓட்டிப் பார்க்க நேரமில்லை. பழைய சென்சரைக் கையில் பொத்திக்கொண்டு வந்து வீட்டுக்காரரிடம் காட்டினேன். சுண்டுவிரல் நீளம்கூட இல்லை.

"இம்புட்டு சாமானா? இதுக்கா நான் தம்பானூர்ல தள்ளுனேன்?" என்றார். ஆனால் வித்துராக்காரரை வர வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வித்துராக்காரர் வந்துவிட்டார். ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார். "வித்துரா வரைக்கும் இவளே ஓட்டட்டும்" என்று சொல்லிவிட்டு, என் வீட்டுக்காரர் முன் கதவைத் திறந்து ஏறிக்கொண்டார். ஆறு நாளுக்குப் பிறகு. வந்தவர் பின்சீட்டில் உட்கார்ந்தார். நெடுமங்காடு தாண்டும்போது முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. மீட்டர் முள்ளை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். ஏற்றத்திலும் வண்டி ஜம்மென்று ஏறியது. வித்துரா சந்தைப் பக்கம் ஓரங்கட்டினேன். அணைக்கத் தைரியம் வரவில்லை. கியரைக்கூட எடுக்காமல் கிளட்சை மிதித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

"வண்டி எனிக்கு இஷ்டப்பட்டு. எடுக்காம்" என்று வாங்கிக்கொள்ளச் சம்மதித்தார் வந்தவர்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், டாஷ்போர்டைப் பார்த்தார். பிறகு பின்பக்கம் திரும்பி, "மன்னிக்கணும் சேட்டா, வண்டி குடுக்கிறதா இல்ல" என்றார்.

"திங்களாழ்ச்ச நிங்ஙளல்லே விளிச்சு பறஞ்ஞது?"

"அது கோவத்துல சொன்னது. இப்ப ஆறிட்டு."

வந்தவர் குழம்பிப்போய்க் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஆறோ? இப்போள் பதினொண்ணல்லே ஆயிட்டுள்ளூ!"

சிரித்த சிரிப்பில் கிளட்சிலிருந்து கால் நழுவிவிட்டது. வண்டி ஒரு குதி குதித்து அணைந்தது. சாவியைத் திருகினேன். ஆறாமலே, அந்தச் சூட்டோடு சூடாகக் கிளம்பிவிட்டது.