சாமி கதைக்குக் கார்ட்டூன் போட்ட கதை

சமய வகுப்பு எடுக்கும் தோழர்களே, சாமி கதை சொல்வது சுலபம். கதை முடிந்ததும் ஒரு பிள்ளை கையைத் தூக்கும் பாருங்கள், அங்கேதான் நம் பிழைப்பு நாறுகிறது.

அசாம் ஜாவா ஊருக்குப் பக்கத்துச் செம்பனைத் தோட்டக் கோயிலில் ஞாயிறு காலை வகுப்பு என்னுடையது. வாரம் ஆறு நாள் தொழிற்சாலையில் பெட்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிறேன். அங்கே யாரும் என்னை ஒரு கேள்வி கேட்டதில்லை. அதனால் இந்த வகுப்பு எனக்கு உயிர். வாயால் கதை சொன்னால் மூன்று பேர் வருவார்கள், கார்ட்டூன் போட்டால் இருபது பேர். கோயில் தலைவர் மண்டபச் சாவியை ஒரே நிபந்தனையோடு தந்தார்: பிள்ளைகள் பெற்றோர் சொல் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் வகுப்பு மூடப்படும்.

ஆறு ஜன்னல்

மண்டபத்துக்குத் திரைச்சீலை கிடையாது. வெயில் ஏறினால் புரொஜெக்டர் காட்டும் படம் சுவரில் தெரியாது. பழைய திருவிழா பேனர்களை ஜன்னல்களில் கட்டினேன். எல்லாவற்றிலும் தலைவர்தான் கைகூப்பிச் சிரிக்கிறார். பின்னால் வெயில் அடிக்க, ஆறு ஜன்னலிலும் தகதகவென்று ஜொலித்தார். புதிதாகச் சேர்ந்த ஒரு பொடியன் உள்ளே வந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு கேட்டான்: “டீச்சர், இது எந்தச் சாமி?”

புரட்டாசி விரதம்

இணையத்தில் கிடைக்கும் இலவசப் படம் என்பதால் நடுவில் விளம்பரம் வரும். அதுவும் புரட்டாசியில், சாமி சங்கை எடுத்து ஊதப்போகும் நேரம் பார்த்து, சுவர் முழுக்கப் பொரித்த கோழி. நான் பதறிப்போய் ரிமோட்டைத் தேடுகிறேன், வாசலில் தலைவர் நிற்கிறார். தொலைந்தது வகுப்பு என்று நினைத்தேன். கோழி மறையும்வரை மனிதர் அசையவில்லை. பிறகு பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்: “இந்தக் கடை சுங்கை பெசார் டவுன்ல இருக்கா டீச்சர்?”

தூணுக்குள் இருந்தவர்

உங்களுக்குத் தெரிந்த கதைதான். ராஜா தன்னைத்தான் கும்பிட வேண்டும் என்கிறார், மகன் மறுக்கிறான். யானையை ஏவுகிறார், நெருப்பில் போடுகிறார், மலையிலிருந்து உருட்டுகிறார். கடைசியில் தூணைப் பிளந்துகொண்டு சாமி வந்து அப்பாவின் கணக்கை முடிக்கிறார். பத்து வருடமாக இந்தக் கதையைச் சொல்கிறேன், இதில் என்ன வில்லங்கம் இருக்கிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

தலைவர் அன்று பெற்றோர்களை அழைத்து வந்து பின்வரிசையில் உட்கார வைத்திருந்தார். “இந்தக் கதையில என்ன கத்துக்கிட்டீங்க?” என்று பிள்ளைகளைக் கேட்டார். அவருடைய பேத்தி, எட்டு வயது தர்ஷினி, முதல் ஆளாக எழுந்தாள். அவள் அப்பாவும் பெருமையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்பா சொல்றது தப்பா இருந்தா கேக்கக்கூடாது தாத்தா.”

மாற்று மருந்து

அடுத்த வாரம் தலைவரே படத்தைத் தேர்ந்தெடுத்தார். அப்பா சொன்னார் என்று ராஜகுமாரன் மறுபேச்சு இல்லாமல் காட்டுக்குப் போகிற கதை. பெற்றோருக்கு வாயெல்லாம் பல். முடிந்ததும் தலைவர் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார். வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன், அவர் கவனிக்கவில்லை. தர்ஷினிதான் எழுந்தாள், கண்ணில் தண்ணீர். “அவரு சொல்பேச்சு கேட்டுப் போனதாலதான் அவங்கப்பா அழுது அழுதே செத்துட்டாரு. கேக்காம வீட்லயே இருந்திருக்கலாம்லா!”

ஒன்பது மணி

அன்றே வாட்ஸ்அப்பில் பெற்றோர்கள் தீர்ப்பு எழுதிவிட்டார்கள்: இனி யாரும் பிள்ளைகளை அனுப்புவதில்லை. யாரும் வராவிட்டால் ஞாயிறு ஒன்பது மணிக்குச் சாவியைக் கொடுத்துவிட வேண்டும் என்றார் தலைவர்.

ஞாயிறு காலை பூட்டிய கதவுக்கு முன்னால் சாவியை அவர் கையில் கொடுத்தேன். கொடுத்துவிட்டுத் திரும்பினால், செம்பனை மரங்களுக்கு நடுவே சைக்கிள்கள் வருகின்றன. எண்ணிப் பார்த்தேன், பதினொரு பேர். முன்னால் தர்ஷினி. “அப்பா விட்டாரா?” என்று தலைவர் அதட்டினார். அவள் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்: “போகாதேன்னுதான் சொன்னாரு. சாமி கதை கேக்கத்தானே வந்தோம் தாத்தா, இது தப்பா?”

தலைவர் அதே சாவியால் கதவைத் திறந்தார். சொல்பேச்சு கேட்கும் பிள்ளைகளை உருவாக்க ஆரம்பித்த வகுப்பு, கேட்காத பதினொரு பிள்ளைகளின் புண்ணியத்தில் இன்றும் நடக்கிறது.