சுவருக்குள் ஒரு கடற்கரை

தீவில், எங்கள் ஷாதிபூர் வீட்டில் இன்று பெயர்ந்து விழுந்த சுவர்ப்பூச்சில் ஒரு குட்டிச் சிப்பி இருந்தது. இந்த வீட்டைக் கட்டிய என் அப்பா ஒரு கான்ட்ராக்டர்; லாரியில் வரும் மணல் எதையும் நம்பாமல் நாக்கில் வைத்துப் பார்த்து, "நம்கீன் பாய்! உப்புக் கரிக்குது, கடல் மணல். வாபஸ் கொண்டுபோங்க" என்பார். வீடு எழும்பிய நாட்களில் ஞாயிறுதோறும் என்னைக் கூட்டிப்போன கடற்கரையில், மணல் இறுகிப் பாறையாகியிருந்த இடத்தில், ஓடை கொண்டுவந்த கருமணலையும் பவளத்தூளையும் சிப்பியையும் நகத்தால் சுரண்டி, "என்ன வந்து படிஞ்சுதோ அதாம்மா கல்லு. அது பொய் சொல்லாது" என்பார். திரும்பும்போது ஜீப்பில் ஏன் அத்தனை சாக்கு மூட்டைகள் என்று நான் கேட்டதில்லை. அந்தக் கரை இப்போது இல்லை. சுனாமி கொண்டுபோய்விட்டது என்றுதான் அப்பா கடைசிவரை சொன்னார். பூச்சை நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

நம்கீன்.