பழப்புளி போட்டு மினுக்கிய தட்டுகள்

இரண்டு வருடங்களுக்கு முன், சோளகக் காற்று ஓயாமல் அடித்த ஓர் ஆடி மாதத்தில், அனலைதீவில் எங்கள் வீட்டில் நடந்தது இது.

அந்தச் சித்திரையில் என் கணவருக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. "ஆ" என்ற ஒரு சத்தம்தான் மிஞ்சியது. பசித்தாலும் அதுதான், கோபம் வந்தாலும் அதுதான். முதல் சில மாதங்கள் விடாமல் பயிற்சி கொடுத்தால் கை திரும்பலாம், காலம் கடந்தால் ஏலாது என்று யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் டொக்டர் சொன்னார். எங்களுக்கோ ஊர்காவற்றுறைக்குப் படகு, அங்கிருந்து பஸ். அவரைத் தூக்கித்தான் படகில் ஏற்ற வேண்டும். கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கிட்ட ஓர் அறை எடுத்துத் தங்கினால்தான் சரி. ஆனால் எதை வைத்து எடுப்பது? எங்கள் ஒரே மகளும் வன்னியில் கூலி வேலைக்குப் போகிறவள்.

வீட்டில் விற்கக்கூடியதாக இருந்தது அவருடைய ட்றம் செற் ஒன்றுதான். இளவயதில் தென்னிலங்கையில் கடையில் வேலைக்கு நின்றபோது, ஒரு ஹோட்டல் வாத்தியக்காரரிடம் வாங்கியது. அப்போதே அது பழையது. தீவுகளில் எந்தக் கோவில் திருவிழாவுக்கு இசைக்குழு வந்தாலும் ட்றம்ஸ் அடித்தவர் இவர்தான். சண்டைக்குள் நாங்கள் இடம்பெயர்ந்து ஓடியபோதும், ட்றம்ஸோடு சேர்த்துக் குச்சியால் அடிக்கும் பித்தளைத் தட்டுகளைச் சாக்கில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டுதான் வந்தார்.

"பிள்ளையைத் தூக்கச் சொன்னால் தட்டைத் தூக்கிறியளே!" என்று கத்தினேன்.

"பிள்ளை நடக்கும். தட்டு நடக்குமே?" என்றார். அந்த ஓட்டத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. விட்டுவிட்டுப் போன ட்றம்கள், நாங்கள் திரும்பி வந்தபோது வீட்டு மூலையிலேயே கிடந்தன.

கனடாவில் இருக்கும் என் பெறாமகன், அக்காவின் பிள்ளை, முன்பு ஒருமுறை வந்தபோது அதைப் படம் எடுத்து வைத்திருந்தான். அந்தப் படங்களை யாருக்கோ காட்டிவிட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டான். "சின்னம்மா, சித்தப்பா வைச்சிருக்கிறது சும்மா சாமான் இல்லை. சுவிசிலை ஒருத்தர் இப்பிடிப் பழைய வாத்தியங்கள் வாங்கிறவர். ஊருக்கு வந்து நிக்கிறார். சனிக்கிழமை வருவார். தட்டுகளைக் கவனமாய்ப் பாருங்கோ, விலை அதிலைதான் இருக்கு."

அவன் சொன்ன விலைக்கு, பயிற்சி முடியும்வரை நாங்கள் யாழ்ப்பாணத்தில் இருந்திருக்கலாம். அம்மன் கண் திறந்துவிட்டாள் என்று வீட்டுக்குள்ளேயே விழுந்து கும்பிட்டேன்.

வெள்ளிக்கிழமைகளில் அம்மன் கோவில் விளக்குகளை மினுக்கிக் கொடுப்பது என் தொண்டு. அவர் வர இருந்ததற்கு முதல் நாளும் பழப்புளியும் சாம்பலும் எடுத்து விளக்குகளை மினுக்கி முடித்தேன். பிறகு அந்தத் தட்டுகளையும் கிணற்றடிக்குக் கொண்டுவந்தேன். வருடக்கணக்காய் மினுக்காமல் கறுத்துப்போய்க் கிடந்தன. வாங்க வருகிறவருக்குக் கறுத்த பித்தளையைக் கொடுக்க எந்த வீட்டுப் பெண்ணுக்கு மனம் வரும்? தேவாரம் பாடிப்பாடித் தேய்த்தேன். ஒவ்வொரு தட்டிலும் ஏதோ ஆங்கில எழுத்து, மை ஊறியது போல மங்கலாய்க் கிடந்தது. அதைப் போக்கத்தான் பெரும்பாடு பட்டேன்.

கணவரைக் கிணற்றடிக்குக் கிட்டத்தான் கதிரையில் இருத்தியிருந்தேன். நான் தேய்க்கத் தொடங்கியதும் "ஆ, ஆ" என்றார். இடது கையால் கதிரையில் அடித்தார். உள்ளங்கையை விரித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினார். விற்க மனமில்லாமல் துடிக்கிறார் என்று நினைத்தேன்.

"இஞ்சாருங்கோ, கை வரட்டும். கை வந்தால் வேறை ஒண்டு வாங்கலாம். இப்ப அழாதேங்கோ," என்று சேலைத் தலைப்பால் அவர் கண்ணைத் துடைத்துவிட்டுத் திரும்பிப் போய்த் தேய்த்தேன். அவர் சத்தம் வைத்துக்கொண்டே இருந்தார். நான் தேவாரத்தை இன்னும் உரக்கப் பாடினேன்.

சனிக்கிழமை அந்த மனிதர் முழுதாய் நனைந்து வந்து சேர்ந்தார். "அக்கா, உங்கடை கடல் என்னை ஒருக்கா விழுங்கிப்போட்டுத் துப்பினது," என்று சிரித்தார். என் கணவருக்குக் கிட்டப் போய், "அண்ணை, நீங்கள் அடிச்ச திருவிழாவிலை நான் சின்னனாய் மண்ணிலை இருந்து கேட்டனான்," என்றார். நல்ல மனிதர். அதுதான் எனக்கு இன்னும் தாங்க முடியாதது.

தட்டுகளைப் பெருமையோடு வெள்ளைத் துணியில் வைத்துக் கொண்டுவந்தேன். வெயிலில் பொன் போல மின்னின. அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது. ஒவ்வொன்றாய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆர் அக்கா இதை மினுக்கினது?"

"நான்தான் தம்பி. கை தோல் உரிஞ்சு போச்சு," என்றேன்.

கையில் இருந்த தட்டைத் துணியிலேயே திருப்பி வைத்தார். பிறகு மெதுவாய்ச் சொன்னார். "அக்கா, அந்தக் கறுப்புத்தான் விலை. அது பழசு எண்டதுக்குச் சாட்சி. செய்தவையின்ரை பேரும் அதிலை இருந்தது, அதுவும் அழிஞ்சு போச்சு. இதுதான் அது எண்டு நான் நம்புவன். அங்கை வாங்கிறவை நம்ப மாட்டினம். நான் தனியாளாய் வாங்கேல்லை அக்கா, கூட்டாளிமாருக்குக் கணக்குச் சொல்லவேணும்."

நான் கணவரைப் பார்த்தேன். அவர் இடது உள்ளங்கையை விரித்து, வெள்ளிக்கிழமை செய்தது போலவே, ஒரே ஒரு தரம் ஆட்டிக் காட்டினார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் விற்க வேண்டாம் என்று சொல்லவில்லை. தேய்க்க வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறார்.

அந்த மனிதர் ட்றம்களை மட்டும், தன்னால் இயன்றதைக் கொடுத்து எடுத்துக்கொண்டு போனார். தட்டுகளை என்னிடமே விட்டுவிட்டார். அந்தக் காசில் யாழ்ப்பாணத்தில் கொஞ்ச நாள் இருந்தோம். வலது கை விரல்கள் அசையத் தொடங்கிய நேரம் காசு முடிந்துபோனது. திரும்பி வந்தோம். கார்த்திகை மழையில் படகு ஓடாத நாட்கள்தான் அதிகம். தைக்குப் பிறகு டொக்டரிடம் கொண்டு போனபோது, "இனிப் பெரிசாய் எதிர்பாராதேங்கோ அம்மா," என்றார். அசைந்த விரல்களும் பிறகு மடங்கிப்போயின.

தட்டுகள் சாமியறைக்குப் பக்கத்தில் சாக்குக்குள் கிடக்கின்றன. உப்புக் காற்றில் மறுபடி கறுத்து வருகின்றன. நான் தொடுவதில்லை. அம்மன் விளக்குகளை மட்டும் இன்னும் மினுக்குகிறேன், அதை விட மனம் வரவில்லை. இப்போதெல்லாம் அவர் "ஆ" என்றால் கையில் இருப்பதை வைத்துவிட்டு, என்ன என்று விளங்கும்வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். பெரும்பாலும் தண்ணீர்தான் கேட்கிறார். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை அவர் கத்திக்கொண்டிருக்க, அதற்கு மேலாக நான் உரக்கப் பாடிய தேவாரத்தை நினைத்தால், அம்மனிடம்கூட என்னால் வாய் திறந்து அழ முடியவில்லை.