பொட்டு வைத்த லேப்டாப்

பொன்னமராவதியிலிருந்து புதுக்கோட்டை போகும் தனியார் பஸ்ஸில் நான் டிரைவர். எனக்குக் கோபம் முதலில் வரும், யோசனை அடுத்த டிரிப்பில் வரும். என் மனைவி மணிமேகலை நேர்மாறு. பருப்பு தீய்ந்தால்கூட அடுப்பு, பாத்திரம், தண்ணீர் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, காரணத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் என்னைத் திட்டுவாள்.

கணக்கில் எம்.எஸ்சி. படித்தவள். கல்யாணமான புதிதில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. "பொண்டாட்டி சம்பாரிச்சுத்தான் ஒல கொதிக்கணுமா?" என்று தடுத்தவன் நான். பதினெட்டு வருஷம் ஓடிவிட்டது. அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசியிருந்தால் தேவலை.

இந்த வருஷம், வீட்டிலிருந்தே பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கும் வேலைக்கு விண்ணப்பித்தாள். விஜயதசமிக்கு மறுநாள் காலை பத்து மணிக்குத் தேர்வு. லேப்டாப்பில்தான் எழுத வேண்டும். அதன் கேமரா அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். செல்போன் அந்த அறைக்குள்ளேயே இருக்கக் கூடாது. விட்டால் மறுவாய்ப்பு கிடையாது.

எட்டு மணிக்குச் சோதித்துப் பார்த்தால், முகம் தெரிய வேண்டிய கட்டம் கன்னங்கரேலென்று கிடந்தது.

லேப்டாப்பை அணைத்துப் போட்டாள். செட்டிங்ஸில் கேமராவுக்கு அனுமதி இருக்கிறதா என்று பார்த்தாள், இருந்தது. கேமராவின் மென்பொருளை எடுத்துவிட்டுத் திரும்ப ஏற்றினாள். அதே இருட்டு. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், இரண்டு தட்டு தட்டிப் பார்க்கச் சொன்னேன். என் பஸ்ஸில் பாதி அப்படித்தான் சரியாகும். அவள் பார்த்த பார்வையில் கையை இழுத்துக்கொண்டேன். புதுக்கோட்டையில் ஒரு லேப்டாப் கடைக்காரருக்குப் போன் போட்டேன். கேமரா போயிருக்கும், திங்கட்கிழமை கொண்டுவாங்க என்றார். அவரிடம் கத்திவிட்டுப் போனை வைத்தேன்.

மணி ஒன்பதரை ஆனது.

"கேமராவுக்குப் பக்கத்துல லைட்டு எரியுதுங்க. அப்ப அது பாத்துக்கிட்டுதான் இருக்கு. அதுக்கு முன்னாடி எதுவோ மறைக்குது" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "பூசை முடிஞ்சு நேத்து இத தொடச்சது நீங்கதான? என்ன செஞ்சீங்க, ஒண்ணு விடாம சொல்லுங்க."

ஆயுத பூஜைக்குப் பஸ்ஸின் முன்கண்ணாடி உச்சியில் சந்தனம் அப்பிக் குங்குமம் வைப்பவன் நான். அதே கையோடு லேப்டாப்பையும் திறந்து, திரைக்கு மேலே நட்டநடுவில், அதுதான் நெற்றி என்று ஒரு பொட்டு வைத்திருந்தேன். மறுநாள் ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தேன். ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் போகவே இல்லை. நகத்தால்கூடச் சுரண்டினேன். காலையிலிருந்து இதைச் சொல்லாமல் மென்று விழுங்கிக்கொண்டிருந்தேன். இந்தத் தடவையும் வேண்டுமென்றே கெடுத்தேன் என்று நினைத்துவிடுவாளோ என்று பயம்.

"நாந்தான் மேகல. ஆனா வேணும்னு செய்யல." பொட்டு வைத்த இடத்தைத் தொட்டுக் காட்டினேன்.

"அது எனக்குத் தெரியாதா? தள்ளுங்க" என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள்.

அது குங்குமமே இல்லை. கேமராவை மறைக்க ஒரு குட்டி மூடி இருக்கிறது. மூடினால் சிவப்பாகத் தெரியும். மூன்று வருஷமாக அப்படி ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது. நான் துடைத்த வேகத்தில் அது நகர்ந்து மூடிக்கொள்ள, இடுக்கில் சந்தனம் காய்ந்து இறுகிவிட்டது. பல்குத்தும் குச்சியால் சந்தனத்தைத் துளித்துளியாகக் கிளறி எடுத்தாள். பிறகு மூடியைப் பக்கவாட்டில் மெல்லத் தள்ளினாள். திரையில் அவள் முகம் வந்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது இரண்டு செல்போன்களையும் என் கையில் திணித்து, என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பத்தரைக்குப் பக்கத்து வீட்டு செங்கமலம், கடைவீதிக்குப் போகலாம் என்று அவளைக் கூப்பிட வந்தார்.

"மேகல வேலையா இருக்கு. பன்னெண்டு மணிக்கு மேல வாங்க" என்றேன்.

உள்ளே நடந்தது பரீட்சைதான், வேலை இன்னும் கிடைக்கவில்லை. ஆனாலும் 'வேலையா இருக்கு' என்று என் வாயால் சொல்ல எனக்குப் பதினெட்டு வருஷம் ஆகியிருக்கிறது.