காயாத தார்

எங்கள் குடும்பத்தில் பேட்டரி என்றால் சித்தப்பாவைக் கேட்டுத்தான் வாங்குவோம். இன்றும் என் மோட்டார் சைக்கிளுக்காக விழுப்புரம் கடைக்கு அவரோடுதான் வந்தேன். பேட்டரியைக் குனிந்து பார்த்ததும் தார் வாசனை மூக்கில் ஏறியது.

சின்ன வயதில், திண்டிவனம் வீட்டுக் கொல்லையில், பழைய பேட்டரியின் தலையில், வெடிப்பெல்லாம் மறையும்படி, சித்தப்பா தார் உருக்கி ஊற்றினார். "புதுசாட்டம் கீது பாத்தியாடா?" எனக்கு ஒரே குஷி, ஏதோ வித்தை என்று.

மறுநாள் அதையே அப்பா வண்டியில் மாட்டினார். "என் தம்பி பட்டணம் போயி வாங்கியாந்தான்!" இருட்டியதும் கெடார் பாதையில் பேட்டரி செத்து விளக்கு அணைந்து, வண்டியோடு விழுந்து, அப்பாவுக்குக் கால் முறிந்தது. கட்டுப் போடும்போது அவரைத் தாங்கிப் பிடித்து அழுதவர் சித்தப்பாதான்.

"இத்த எடுத்துக்கடா, புத்தம்புதுசு" என்றார் இப்போது.

பேட்டரியின் தலையிலிருந்த தார்மேல் நகத்தை அழுத்தினேன். இன்னும் காயவில்லை, மெத்தென்று இறங்கியது. கடைக்காரர் என்னைப் பார்க்கவில்லை, சித்தப்பாவைப் பார்த்தார்.